மாசிப்பனியில் ஓர் அடைக்கோழி

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசும் நேரத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். கோழி நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, விடியலை அறிவிக்கும் கோழியின் குரல் கேட்டு நெஞ்சம் துணுக்குறுகிறாள். அதே தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வரக்கண்ட வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கப் பதறிக் கூவுவதைக் காட்டுகிறார். இவ்விருவரும் பெண்பாற் புலவர்கள் என்பதைக் கவனியுங்கள். வளவில் நிற்கும் கோழியின் பதற்றம் யாருடைய காதில் முதலில் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டினப்பாலையிலும் ஒரு கோழி வருகிறது. முற்றத்தில் உலரும் நெல்லைத் தின்ன வந்த அந்தக் கோழியை ஒரு பெண் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். அப்படி எறிவதற்கு எங்கள் அம்மாவிடம் பொற்குழை இருக்கவில்லை. அம்மாவிடம் இருந்தது கோழிதான்.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவன் நான். மார்கழி மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் வளவுக் கோழிகளுக்கு ஒரு புதுத் தெம்பு வரும். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் மார்கழிப் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனியில் அது பதினாறுக்கும் மேல். பகல் நீள நீளத்தான் அங்கே கோழி முட்டையிடத் தொடங்கும். எங்கள் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். எங்கள் கோழிக்குக் காலம் சொல்வது காய்ந்த மண்ணும், அரிவு வெட்டிய வயலிற் சிந்திய நெல்லும், ஈரம் வற்றும்போது வெளிவரும் பூச்சி புழுக்களுந்தான்.

ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைகிடக்க நினைக்கும். பிடித்து நீரில் அமிழ்த்தி அடை தெளிவிப்பவர்களும் உண்டு. அம்மா எல்லாக் கோழிகளுக்கும் அப்படிச் செய்யமாட்டார். நல்ல தாய்க்கோழி ஒன்றைத் தெரிந்தெடுத்து மாசியில் அடைவைப்பார். ஒரு பழைய கடகத்தில் சாம்பலும் மணலும் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, ஒற்றைப்பட எண்ணி முட்டைகளை வைப்பார். இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் பக்கத்தில் இருக்கும். எட்டாம் நாள் இரவு முட்டைகளை விளக்கொளியிற் பிடித்துப் பார்த்து, கருப்பிடிக்காதவற்றைத் தள்ளிவிடுவார். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தக் குளிரில் இருபத்தொரு நாள் தன் உடற்சூட்டால் முட்டையைக் காத்து, நாளுக்குப் பலமுறை அவற்றைப் புரட்டிவிட்டு, ஒரேயொரு முறை அவசரமாய் இறங்கி இரை பொறுக்கித் திரும்பும் அந்தப் பிராணியை நான் ஒரு தபசி என்றே நினைத்திருந்தேன்.

முட்டை விற்ற காசு அம்மாவின் சிறுதேட்டம். அப்பா அதைக் கேட்பதில்லை. அக்காவின் ரியூட்டரிக் காசு அதிலிருந்துதான் போனது.

1978ஆம் ஆண்டு மாசியில் நடந்ததை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தை முடிவில் அம்மா சந்தையில் ஒரு பேட்டுக்கோழியை மலிவாக வாங்கி வந்து மற்றவற்றோடு விட்டார். ஐந்தாறு நாளில் அது தூங்கி விழத் தொடங்கியது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, செத்துப்போயிற்று. பிறகு எங்கள் கோழிகள். நான்கு நாளில் ஆறு கோழிகள் செத்தன. ஒன்றுக்குக் கழுத்து முறுகி, வானத்தைப் பார்த்தபடி வட்டமிட்டது.

இராணிக்கெட் என்று மிருக வைத்தியர்கள் சொல்லும் நோய் அது. இந்தியாவின் வடக்கே உள்ள ஒரு மலையூரின் பெயர் அதற்கு வாய்த்தது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் பெயர். வைரசால் வருவது, வந்தபின் மாற்ற மருந்தில்லை. வருமுன் தடுக்க மாத்திரம் வழியுண்டு. மார்கழியில் ஊசி போட வந்தவரை, "முட்டை நிண்டுபோம்" என்று சொல்லி அம்மா திருப்பி அனுப்பியிருந்தார்.

ஆறு கோழிகளைப் புதைத்த அன்று பின்னேரம், சைக்கிளின் பின்னாற் கூடை கட்டிய கோழி வியாபாரி ஒருவர் படலையில் வந்து நின்றார். வளவில் ஐந்து கோழிகள் எஞ்சியிருந்தன.

"அக்கா, சாகமுந்தித் தாங்கோ. பாதி விலைக்கு எடுக்கிறன்."

அம்மா அந்த ஐந்தையும் பார்த்தார். அவற்றின் பாதி விலை அக்காவின் ஒரு தவணைக் காசுக்குப் போதும். அது எனக்கும் தெரியும், வாசலில் நின்ற அக்காவுக்கும் தெரியும்.

"கொண்டுபோய் என்ன செய்வியள்?"

"அடுத்த ஊர்ச் சந்தையிலை குடுப்பன். இன்னும் ரண்டு நாளைக்கு நிண்டுபிடிக்குங்கள்தானே. ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாம் தம்பி. வாங்கிற வீட்டிலையும் என்னைப்போல ஒருத்தி நாலு கோழி வைச்சிருப்பாள்."

"எல்லாரும் குடுக்கினம், அக்கா."

"குடுக்கட்டும்."

அவர் போய்விட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். அம்மாவின் கை அன்று சந்தையில் மலிவாய் வாங்கிய கோழியை நினைத்திருக்க வேண்டும். அதை விற்றவருக்கும் யாரோ, ஒருத்தருக்கும் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள்.

ஐந்தில் நான்கு செத்தன. கழுத்து முறுகியது மட்டும் எப்படியோ தப்பியது. அடைக்கோழி குசினி மூலையில், மற்றவற்றோடு சேராமல் இருந்தது. செத்த கோழிகளைத் தொட்ட அம்மாவோ நானோ அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீரும் குறுணலும் வைக்க அக்காதான் போனாள். அப்படித் தள்ளிவைத்தது ஆச்சி சொல்லிவைத்த முறை. காரணம் ஆச்சிக்கும் தெரிந்திராது. ஆனால் நோய் கைவழி, கால்வழி, பாத்திரவழி பரவும் என்று இன்று விஞ்ஞானம் சொல்வதும் அதைத்தான்.

பதின்மூன்று முட்டையில் இரண்டை முன்னரே தள்ளியிருந்தோம். இருபத்தொராம் நாள் பதினொன்றில் ஒன்பது பொரித்தன. முதல் நாள் குஞ்சுக்கு இரை தேவையில்லை. வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கும். அம்மா பழைய கூட்டைக் கொளுத்தி, நிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு, குஞ்சுகளை நெடுநாள் குசினிப் பக்கமே வைத்திருந்தார். கலயத்தில் சாணமும் வைக்கோலும் ஈரமாக்கிக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் ஏறியிருக்கும். அதுதான் குஞ்சுகளின் விருந்து. இரவில் கரப்பால் மூடி, மேலே ஒரு கல். பங்குனி வெயிலில் அவை வெளியே வந்தபோது, பருந்தைப் பார்ப்பது என் வேலையாயிற்று.

அந்தத் தவணை அக்கா ரியூட்டரிக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கொப்பியை இரவலாய் வாங்கிப் பார்த்தெழுதினாள். அதைப் பற்றி அவள் அம்மாவிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அம்மாவும் தாம் செய்ததை ஒரு பெரிய காரியமாய் யாரிடமும் சொன்னதில்லை.

நேயர்களே, இன்றும் வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். கோழி நலமாய் நிற்கும்போதே தடுப்பு மருந்து கொடுத்துவிடுங்கள். புதிதாய் வாங்கியதை இரண்டு வாரமாவது தனியே கட்டிவையுங்கள். நோய் கண்ட வளவிலிருந்து ஒரு கோழியையும் விலைக்கு விடாதீர்கள். இவை கோழி வளர்ப்பின் விதிகள். கடைசி விதிக்கு மட்டும் கொஞ்சம் மனமும் வேண்டும்.

அடுத்த மார்கழியில் ஊசி போடுபவர் மீண்டும் வந்தார். அம்மா அவரை முற்றத்தில் இருத்தித் தேநீர் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கோழியாய்த் தாமே பிடித்துவந்து நீட்டினார். கழுத்து முறுகியதையும் விடவில்லை.