குடத்தின் கணக்கும் சபையின் கணக்கும்

ஊர்க் குழாயில் எப்பொழுது நீர் வரும், எந்த மாதத்தில் கிணறு வற்றும், எந்த ஒழுங்கையில் இருட்டிய பின் பெண்பிள்ளைகள் நடக்க அஞ்சுவர் என்பவற்றைக் குடம் சுமப்பவளே நன்கு அறிவாள். ஒழுங்கைக்கு விளக்கும் சந்தைக்குக் கூரையும் வேண்டுமா என்று தீர்மானிப்பதோ பிரதேச சபை. அவளுடைய அறிவு அச்சபையின் வாயிலுக்கு வெளியே நிற்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது.

இலங்கைப் பெண்கள் 1931ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர். எனினும், எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் உள்ளூராட்சி மன்றங்களில் அவர்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர். 2016இல் திருத்தப்பட்ட சட்டம் நூற்றுக்கு 25 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது.

ஆசனம் கிடைத்தது, சொல் அம்பலம் ஏறிற்றா? கட்சிப் பட்டியல் வழியாக வந்த பெண் உறுப்பினரை, “வட்டாரத்தில் வென்றவரல்லர்” என்று ஒதுக்குவோரும் உளர். தனித்து நிற்பவரின் குரல் எளிதில் அமுங்கிவிடும். அக்குரலுக்கு வலுச் சேர்க்க வேண்டியவர்கள் ஊர்ப் பெண்களே.

அதற்கு வழியும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் நியமிக்க இடமளிக்கின்றது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் அக்குழுக்களில் இடம் கேட்டல் வேண்டும். தம் ஊரின் தேவைகளை வரிசைப்படுத்தி எழுதி, வரவு செலவுத் திட்டம் நிறைவேறுமுன்னரே தவிசாளரிடம் கையளித்தல் வேண்டும். பணம் பங்கிடப்பட்ட பின் முறையிடுவதால் பயன் என்ன?

குடத்தின் கணக்கு சபையின் கணக்கேட்டில் ஏறும் நாளிலேதான் 1931இல் பெற்ற வாக்கு முழுப்பயன் தரும்.