முப்பது வயதில் மருத்துவப் படிப்பு: விண்ணப்பத்திற்கு முன் சிந்திக்க வேண்டியவை

  

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் "மருத்துவத்திற்கு இடம் கிடைத்ததா?" என்று கேட்காத உறவினர் அரிது. அதே பிள்ளை கணினித் துறையிலோ கணக்கியலிலோ நல்ல பணியில் அமர்ந்து, முப்பதாவது வயதில் "மருத்துவம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் அதே வீடு அதிர்ந்து போகிறது. "வீட்டுக் கடன் இருக்கிறதே, திருமணம் ஆகவில்லையே, இனியா படிப்பு?" என்கிறார்கள். அன்று வற்புறுத்தியவர்களே இன்று தடுக்கிறார்கள். இவ்விரு வேளைகளிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்றுண்டு: நோயாளியின் அருகில் நின்று உழைக்கும் வாழ்வு இவருக்கு ஏற்றதுதானா? இன்றைய உரை அக்கேள்வியைப் பற்றியது.

மருத்துவப் படிப்பின் மீதான இப்பற்றுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர் பலரின் மருத்துவ, பொறியியற் கனவுகளைக் கலைத்தது. தமக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பிள்ளையாவது பெறவேண்டும் என்ற ஏக்கம் இயல்பானதே. ஆயினும் பெற்றோரின் ஏக்கம் பிள்ளையின் காரணமாகிவிடாது. நேர்காணலில் தேடப்படுவது பிள்ளையின் காரணமே.

பட்டம் பெற்ற ஒருவருக்கு இங்கு இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. ஒன்று, பட்டதாரிகளுக்கென அமைந்த நான்கு ஆண்டுப் படிப்பு. மற்றையது, பாடசாலை முடித்து வருவோருடன் சேர்ந்து கற்கும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுப் படிப்பு. முதல் வழியில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. வோரிக் பல்கலைக்கழகம் எத்துறைப் பட்டத்தையும் ஏற்கிறது. வேறு சில பல்கலைக்கழகங்கள் அறிவியற் பட்டத்தையோ, ஏ லெவல் இரசாயனவியலையோ எதிர்பார்க்கின்றன. ஆகவே முதலில் செய்யவேண்டியது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நிபந்தனைகளையும் தனித்தனியே படித்து, எங்கெல்லாம் தகுதி உண்டு என்று பட்டியலிடுவதாகும்.

அடுத்தது காலம். யூகாஸ் வழியாக மருத்துவத்திற்கு நான்கு இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். இறுதி நாள் ஒக்ரோபர் 15. அந்நாளில் விண்ணப்பிப்பவர் படிப்பைத் தொடங்குவது மறு ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும் யூகாட் தேர்வு கோடையில் நடைபெறுகிறது. ஆண்டுக்கு ஒரு தடவையே அதனை எழுதலாம். பெறுபேறும் அவ்வாண்டு விண்ணப்பத்திற்கு மட்டுமே செல்லும். சில பல்கலைக்கழகங்கள் அறிவியலும் கட்டுரை எழுதுதலும் அடங்கிய காம்சாட் தேர்வைக் கேட்கின்றன. அறிவியலை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இத்தேர்வு மாதக்கணக்கான உழைப்பைக் கோரும்.

எனினும், நூல்களை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய ஒன்று உண்டு. முதியோர் இல்லத்திலோ மருத்துவமனை விடுதியிலோ பராமரிப்பு உதவியாளராகவோ தொண்டராகவோ சில மாதங்களேனும் பணியாற்ற வேண்டும். முதியவரைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், படுக்கை மாற்றுதல், மறதி நோயால் சினங்கொள்பவரை அமைதிப்படுத்துதல் ஆகியவையே அங்குள்ள வேலைகள். அவற்றைச் செய்தபின்னும் மறுநாள் அங்கு செல்ல மனம் விரும்புகிறதா என்பதே உண்மையான நுழைவுத் தேர்வு. விரும்பவில்லையெனில் அதில் இழிவு இல்லை. பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் சில வார இறுதிகள் காப்பாற்றிவிட்டன என்றே கொள்ளவேண்டும்.

தமிழ் இளையோர் பலருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ஆங்கிலம் அறியாத பாட்டியுடன் மருத்துவரிடம் சென்று, பத்து வயதிலேயே மொழிபெயர்த்தவர்கள் அவர்கள். வலியைச் சொல்லச் சொல் கிடைக்காமல் பாட்டி தவித்ததையும், மருத்துவர் பொறுமையாகக் கேட்டதையும் அல்லது கேட்காமல் விட்டதையும் அவர்கள் அருகிருந்து பார்த்தவர்கள். நேர்காணலில் அதனைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. அதைப் பெருமைக்குரிய கதையாக்காது, அதிலிருந்து என்ன கற்றார் என்பதையே சொல்லவேண்டும். முந்தைய தொழிலும் அவ்வாறே. தவறு நேர்ந்தபோது அதை ஒப்புக்கொண்டு திருத்திய பொறியாளரின் அனுபவம், பாடசாலை மாணவரிடம் இல்லாத செல்வமாகும்.

இனிப் பணம். இதனைக் குடும்பம் ஒன்றாக அமர்ந்து கணக்கிட வேண்டும். இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டிற்கான கட்டணம் 9,535 பவுண். தகுதியுள்ள மாணவர், பட்டதாரிகளுக்கான நான்கு ஆண்டுப் படிப்பின் முதலாம் ஆண்டில் 3,465 பவுணைத் தாமே செலுத்த வேண்டும். மிகுதிக்குக் கடன் உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து தேசிய சுகாதார சேவையின் உதவித்தொகை ஒரு பகுதியை ஏற்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுப் படிப்பை இரண்டாவது பட்டமாகக் கற்பவருக்கு முதல் நான்கு ஆண்டுகளுக்குக் கட்டணக் கடன் இல்லை. அக்கட்டணத்தின்படி பார்த்தால் அது 38,000 பவுணுக்கு மேல். இழக்கும் சம்பளம் இதில் அடங்கவில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளையே பார்க்க வேண்டும்.

காலக் கணக்கும் தேவை. நான்கு ஆண்டுப் படிப்பு, இரண்டு ஆண்டு அடிப்படைப் பயிற்சி, குடும்ப மருத்துவராக விரும்பினால் மேலும் மூன்று ஆண்டுகள். தடையின்றிச் சென்றாலும் 31 வயதில் தொடங்குபவர் 40 வயதில் குடும்ப மருத்துவராவார். படிக்காவிட்டாலும் அவருக்கு 40 வயது வரத்தான் போகிறது. அந்த ஒன்பது ஆண்டுகளில் பிள்ளைப்பேறு, பெற்றோரின் முதுமை, இரவுப் பணி, ஊர் மாற்றம் யாவும் வந்துசேரும். அவற்றைத் துணைவரிடம் மறைத்துத் தொடங்கும் படிப்பு நெடுந்தூரம் செல்லாது.

பெற்றோர்களே! பிள்ளை இம்முடிவைச் சொல்லும்போது, "அன்றே சொன்னோமே" என்றும் சொல்லாதீர்கள், "இனி எதற்கு?" என்றும் சொல்லாதீர்கள். "அந்த முதியோர் இல்லத்தில் இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பதிலில் இருக்கும் ஒளியோ களைப்போ, உங்களுக்கு வேண்டிய விடையைத் தரும்.

இளையோரே! முதல் ஆண்டில் இடம் கிடைக்காமற் போவது இப்பாதையில் வழமையானது. ஆகையால் வேலையை விடுவது, இடம் கையில் வந்த பின்னரே நடக்கட்டும். வேலையில் இருந்துகொண்டே தேர்வெழுதுங்கள், வார இறுதியில் பராமரிப்புப் பணி செய்யுங்கள். அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால், அந்த முடிவு உங்களுடையது. யாருடைய பழைய கனவும் அன்று.