மனுவில் எழுதும் ஆங்கிலம்



செம்மரக் கடத்தல் வழக்குகளில் பிடிபட்டு ஆந்திரச் சிறைகளுக்குப் போனவர்களில் ஜவ்வாது மலைக்காரர்கள் நிறைய பேர். அவர்களுக்காகத் தமிழில் மனு எழுதினால் அங்கே படிக்க ஆள் கிடைப்பதில்லை. தெலுங்கில் எழுத இங்கே ஆள் கிடைப்பதில்லை. அதனால் ஊரில் கல்லூரிக்குப் போன பிள்ளை யாராவது ஆங்கிலத்தில் எழுதித் தருகிறார். அந்த ஆங்கிலத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் செய்திகளில் வந்த ஆங்கிலத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. ஆங்கிலச் செய்திகள் பலவும் அவர்களை 'ஸ்மக்ளர்ஸ்', அதாவது கடத்தல்காரர்கள் என்றே எழுதின. அந்தக் குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் விசாரித்திருக்கவில்லை. முன்னால் 'அலெஜ்டு', அதாவது 'குற்றம் சாட்டப்பட்ட' என்று ஒரு சொல் போட்டிருக்க வேண்டும். போடாதது பெரிய அநியாயம்.

2013 டிசம்பரில் ஆந்திர வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்ட வழக்கையும் பாருங்கள். அதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 200-க்கும் மேற்பட்டோரைத் திருப்பதி நீதிமன்றம் 2016-இல் விடுவித்தது. அதுவரை அவர்கள் 'அக்யூஸ்டு', அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமே.

இனி மனுவுக்கு வருவோம். 'மை ஹஸ்பண்ட் இஸ் எ கன்விக்ட்', அதாவது என் கணவர் தண்டனைக் கைதி என்று மனைவி பெயரில் ஒரு மனு போகிறது என்று வையுங்கள். கணவருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. அவர் 'அண்டர்டிரையல்', அதாவது விசாரணைக் கைதி. கன்விக்ட் என்றால் மேல்முறையீடு, அண்டர்டிரையல் என்றால் ஜாமீன், வழியே வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதிக்கு ஜாமீன் உண்டு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றாலோ, வேறு வழக்கும் நிலுவையில் இருந்தாலோ இது கிடைக்காது.

ஜாமீனில் வந்தவரை 'விடுதலையாகி வந்துட்டார்' என்று ஊரில் சொல்வோம். பேச்சில் இருக்கட்டும். எழுதும்போது 'அக்விட்டடு', அதாவது குற்றவாளி இல்லை என்று விடுவிக்கப்பட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும்.

மனுவில் குற்ற எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, சிறையின் பெயர் நான்கும் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகலில் முதல் மூன்றும் கிடைக்கும். எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழங்குடியினருக்கும் சிறையில் இருப்பவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது சட்டம்.