முலாம் தொழிலில் நமக்கு எது ஆகும், எது ஆகாது



என்னை முலாம் பத்திப் பேசச் சொன்னதுக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மின்முலாம் தொட்டி போட்டுத் தர்றோம், குழுக் கடன்ல வாங்கி வீட்டுக் கொல்லையிலயே வைக்கலாம், செல்போன் சாமான், கவரிங், விளக்கு எல்லாத்துக்கும் முலாம் போட்டு அனுப்பலாம்னு ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போயிருக்கார். நம்ம ஊரு பட்டறை ஊரு. நானும் பட்டறை வேலை பார்க்கிற வீட்டிலதான் வாழ்க்கைப்பட்டேன். அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முலாம் என்பது நமக்குப் புதுசு இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் தெருவுக்கு வருவாரே, அதுவும் முலாம்தான். பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரம் போட்டுத் தேய்ச்சு, பஞ்சால வெள்ளீயத்தை இழுத்து விடுவார். புளிக்குழம்பு பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும், ஈயம் பூசினால் ஏறாது. கும்பகோணம் ஈயச்சொம்பும் இந்த வெள்ளீயம்தான். காரீயம் கலந்தால் விஷம், கேட்டு வாங்குங்க. ரேடியோ, போனுக்குள்ளே இருக்கிற சின்னச் சின்ன சாமான்களோட காலுக்கும் இதே வெள்ளீயத்தைத்தான் பூசுறாங்க. அப்பத்தான் பற்றவைப்பு நல்லாப் பிடிக்கும்.

போன்ல இருக்கிற சிம் கார்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. மஞ்சளா மின்னுதே, அது நிஜத் தங்கம்தான். ஆனா கழட்டி விக்கலாம்னு யாரும் நினைக்க வேண்டாம். தலைமுடி ஒண்ணோட கனம் சுமார் 70 மைக்ரான். அந்தத் தங்கம் பெரும்பாலும் 1 மைக்ரான்கூட இருக்காது. மின்சாரம் எல்லாத்தையும் விட வெள்ளியிலதான் நல்லா ஓடும். அப்புறம் ஏன் தங்கம்? நம்ம கொலுசு கறுக்குதே, அதுதான் காரணம். காத்துல இருக்கிற கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துப் போகும், தங்கம் கறுக்காது. செம்பு மேல நேரா தங்கம் போட்டால் நாளாக ஆகச் செம்பு மேலே ஏறி வந்துடும். அதனால நடுவில நிக்கல் ஒரு அடுக்கு போடுவாங்க. கவரிங் தோடு போட்டால் சில பேருக்குக் காது அரிக்குது, புண்ணாகுது. பாதி நேரம் அந்த நிக்கல்தான் காரணம். சிதம்பரம் கவரிங் வாங்கும்போது நிக்கல் இல்லாததான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

நம்ம பெரியவங்க தங்கத்தைத் தகடாத் தட்டித்தான் போர்த்தினாங்க. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்துப் பொன் தகடு போர்த்தினதைக் கல்வெட்டே சொல்லுது. அதுக்கு அப்புறம் பாதரசத்துல தங்கத்தைக் கரைச்சுப் பூசி, நெருப்புல காட்டி ரசத்தை ஆவியாக்குற முறையும் உண்டு. பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். அந்த ஆவி பூசுறவன் நரம்பைத் தின்னுடும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை 2001-ல் மூடினதும் இந்தப் பாதரசத்தாலதான்.

இப்போ தொட்டிக்கு வருவோம். வேலை என்னமோ சுலபம்தான். முலாம் உப்பு கரைச்ச தண்ணி, பூச வேண்டிய சாமான் ஒரு கம்பியில, உலோகத் தகடு இன்னொரு கம்பியில, நடுவில மின்சாரம். ஆனா தங்க முலாம், வெள்ளி முலாம் தண்ணியில பெரும்பாலும் கலக்கிறது சயனைடு உப்பு. சாமானை முதல்ல கழுவுறது அமிலத்துல. அமிலம் சிந்தி அந்தத் தண்ணியில சேர்ந்தால் வர்ற புகை ஆளைக் கொல்லும். ரெண்டும் ஒரே கொல்லையில, பிள்ளைங்க விளையாடுற இடத்துல! குரோமிய முலாமும் லேசுப்பட்டது இல்லை. ராணிப்பேட்டையில குரோமியக் கழிவைக் கொட்டி வச்ச இடத்துல நிலத்தடித் தண்ணியே கெட்டுப் போச்சு. தொழிற்சாலை மூடின பிறகும் கழிவு அங்கேயேதான் கிடந்தது. நமக்கு அடுத்தாப்புல காவிரி ஓடுது, வாய்க்கால் ஓடுது, அதுல நெல்லு விளையுது. கழுவின தண்ணியை எங்கே கொட்டுறதுன்னு அந்த ஆளைக் கேட்டோம். பதிலே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பத்தியும் வாயே திறக்கல.

அதனால தொட்டி வேண்டாம்னுதான் நான் சொல்வேன். முலாம் வேணும்னா, அனுமதியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இருக்கிற யூனிட்டுல கொடுத்துப் போட்டு வாங்கிக்கலாம்.

நம்ம கைக்கு ஆகிற வேலை வேற இருக்கு. மெழுகுல உரு செஞ்சு, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடிச்சு உலோகம் ஊத்துறதோட சிலை முடியறதில்லை. ஊத்தி எடுத்ததும் பாத்தீங்கன்னா அது கறுப்பா, முரடா இருக்கும். உளிவேலை ஆசாரிமாருடையது. அதுக்கப்புறம் அரத்தால ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புளியும் பூந்திக்கொட்டையும் வச்சுத் துலக்கி மெருகேத்தணும். ஒரு அடிச் சிலையா இருந்தாலும் விரல் இடுக்கு, மாலை மடிப்பெல்லாம் மெஷின் பஃப் போகாது, கைதான் போகணும். இங்கேதான் பொறுமை வேணும், பொறுமைக்கு நம்மளை விட்டா யாரு?

வாங்குறவங்களுக்குத் தக்கபடி மேல்வேலையும் மாறும். அபிஷேகச் சிலைக்கு வெறும் மெருகுதான், மேலே எதுவும் பூசக்கூடாது. வீட்டில அலங்காரத்துக்கு வைக்கிறதுக்கு லாக்கர் அடிச்சால் சீக்கிரம் கறுக்காது. எரியிற விளக்குக்கு லாக்கர் ஆகாது, சூட்டுல கருகி உரியும். வெளிநாட்டுக்காரங்க பழசு மாதிரி கறுத்ததைக் கேப்பாங்க. அது கந்தகம் சேர்ந்த மருந்து தடவிக் கறுக்க வச்சு, மேடான இடத்தை மட்டும் தேய்ச்சு விடுறது. காத்தோட்டமான இடத்துல, கையுறை, முகமூடி போட்டுத்தான் அதைச் செய்யணும்.

மெருகுக்கு ஆகிற செலவு உப்புத்தாள், பிரஷ், லாக்கர், கையுறை அவ்வளவுதான். பட்டறைகளில் ஒரு சிலைக்கு என்ன கூலி தருவாங்கன்னு நாலு இடத்துல கேட்டு எழுதி வச்சிருக்கேன். விருப்பப்படுற குழு அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆள் கணக்கோட வாங்க, உக்காந்து பேசுவோம். லாக்கர் அடிச்ச சிலை வீட்டில வச்சிருக்கிறவங்க அதுக்குப் புளி போடாதீங்க, ஈரத்துணியால துடைச்சால் போதும்.