விருந்துக்கு ஒரு தொடுகறி

பினாங்கில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு எல்லா இனத்தாரும் வருவார்கள். அப்பளம், முறுக்குக்குத் தொட்டுக்கொள்ள எல்லாருக்கும் ஒரே கிண்ணம் வைக்கலாமே!

கடைச் சீஸ் சிலவற்றைக் கன்றின் இரைப்பையில் கிடைக்கும் ரென்னட்டால் உறையவைக்கிறார்கள். சைவர்கள் தொடமாட்டார்கள், முஸ்லிம் அன்பர்கள் ஹலால் முத்திரை தேடுவார்கள். ஆகவே நாமே செய்வோம். 1 லிட்டர் பால் பொங்கியதும் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச்சாறு விட்டால் திரிந்துவிடும். துணியில் வடிகட்டுங்கள்.

2 கத்தரிக்காய், 3 தக்காளி, 4 பல் பூண்டு. கத்தரிக்காயை முள்கரண்டியால் குத்தாவிட்டால் வெடிக்கும். தோல் கருகி, உள்ளே குழையும்வரை நிதானமாகச் சுடவேண்டும். இங்கே அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது. தோலுரித்து, நீரை வடித்து, உப்பும் மிளகும் சேர்த்துப் பாலாடைக்கட்டியோடு மசியுங்கள்.

சைவம் காக்கும் சீனப் பௌத்தர்கள் பலர் பூண்டு உண்பதில்லை. அவர்கள் வருவதானால் பூண்டை விட்டுவிடுவோம், சுவை குறையாது. நம் ஊர் வெக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம்.