பல் பார்த்து வாங்குங்கள்

பழைய பொருட்களை ஏமாறாமல், கட்டுப்படியான விலைக்கு வாங்குவது எப்படி என்று வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பீரோ, மிக்ஸி, மொபைல், பித்தளைப் பாத்திரம் என்று ஒரு பட்டியலும் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். பட்டியலின் கடைசியில் தையல் மெஷின் என்று போட்டிருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். பீரோவுக்காகக் காத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் அந்தப் பக்கமும் வருகிறேன்.

எங்கே போய் வாங்குவது? சென்னையில் பெரியவர்களைக் கேட்டால் மூர் மார்க்கெட் என்று பெருமூச்சு விடுவார்கள். 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. சென்ட்ரலில் புறநகர் ரயில் பிடிக்கிறோமே, அந்த இடம்தான். ரயில் கால அட்டவணையில் இன்றைக்கும் மூர் மார்க்கெட் என்ற பெயர் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். நான் பல்லாவரத்துக்காரி. எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை சந்தை.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி, பழைய டிரங்க் ரோட்டுப் பக்கம் நடந்தால், கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், கருவாடு, கட்டில், கம்ப்யூட்டர், கதவு நிலை, சைக்கிள் சாமான் என்று எது எங்கே இருக்கும் என்று சொல்லவே முடியாது. தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருப்பார்கள். நாம்தான் குனிந்து பொறுக்க வேண்டும்.

அது ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை. மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல்லைப் பார்த்தால் வயசு தெரியும். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். விலை பேசுவது எல்லாம் அதற்கப்புறம், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான். இப்போது மாடு போய் மானிட்டர் வந்துவிட்டது, ஆனால் முறை அதேதான். எங்கள் மெஷினுக்கும் பல் உண்டு. தைக்கிற துணியைப் பின்னுக்குத் தள்ளுகிற அந்தச் சின்னப் பல்லைத்தான் சொல்கிறேன். அதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் விலை கேட்பேன்.

சந்தைக்கு வரும் பொருளில் ஏதாவது ஒரு குறை இருக்கத்தான் செய்யும். குறையே இல்லை என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அந்தக் குறை எது, அதைச் சரிபண்ண என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். மலிவு என்பது அங்கேதான் இருக்கிறது. விலைச் சீட்டில் இல்லை.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு மெஷின் வேண்டும். புதிதாக எடுத்தால் ஸ்டாண்டோடு ஏழெட்டாயிரம் ஆகும், அவளிடம் அதில் கால்வாசிகூட இல்லை. சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஓரமாக ஒரு கறுப்பு உஷா. சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அசையவில்லை. "ஜாம் ஆயிடுச்சுக்கா, இரும்பு விலைக்கு எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். அந்தப் பெண் முகம் தொங்கிப்போனது. நான் மெஷினைச் சாய்த்து, அடிப்பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாடை!

நேயர்களே, இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நல்லெண்ணெயும் வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மெஷின் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள், சின்னப் புட்டி சில பத்து ரூபாய்தான். அந்தச் சில பத்து ரூபாயை மிச்சம் பிடித்து, நல்ல மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்புகிற வீடுகள் எத்தனையோ!

அந்த உஷாவுக்கு வந்திருந்த நோயும் அதுதான். துரு இல்லை, உடைசல் இல்லை. எண்ணெய்த் துளைகளில் எல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். காலையில் சக்கரத்தை அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே என்று ஆட்டி ஆட்டி விட்டோம். பலத்தைக் காட்டித் திருப்பக் கூடாது, காட்டினால் உள்ளே ஏதாவது முறிந்துவிடும். மத்தியானத்துக்குள் முழுச் சுற்று வந்தது. அழுக்கெண்ணெய் கறுப்பாக வழிந்தது. துடைத்து, மெஷின் ஆயில் போட்டு, பழந்துணியில் ஓட்டிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கும் அதில்தான் ரவிக்கை தைக்கிறாள்.

பிறகொரு வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம், "அண்ணா, அந்த மெஷின் ஓடுது" என்றேன். அவர் சிரித்தார். "தெரியும்க்கா. துடைக்க உக்காந்தா அடுத்த வாரச் சரக்கை யாரு எடுக்கிறது?"

அவருக்கும் அது தெரிந்திருக்கிறது! அவரிடம் இல்லாதது நேரம். நம்மிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இனி எதை எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பேப்பர் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஊசி மாட்டுகிற தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் தேய்மானம் உள்ளே போய்விட்டது. அந்த மெஷின் வேண்டாம். பல்லைத் தடவினால் விரலில் சொரசொரவென்று பட வேண்டும். வழவழவென்று இருந்தால் துணி நகராது, ஆனால் பல்லை மாற்றிவிடலாம், செலவும் அதிகமில்லை. அடியில் ஷட்டில் முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் தையல் விட்டுவிட்டு விழும். அதுவும் மாற்றக்கூடியதுதான். பெல்ட் அறுந்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், பேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டாண்டின் வார்ப்பிரும்புக் காலில் கீறல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சாதாரண வெல்டிங் அதில் நிற்காது. மேல்பலகை உளுத்திருந்தால் தச்சர் வேறு பலகை போட்டுத்தருவார்.

படகு மாதிரி நீளமான ஷட்டில் உள்ள ரொம்பப் பழைய மெஷின்களும் வரும். பூவேலைப்பாட்டோடு அழகாக இருக்கும், மனசு போய்விடும். அதற்கு ஒரு சாமான் தேட நீங்கள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அலங்காரத்துக்கு வாங்குங்கள், தொழிலுக்கு வேண்டாம். வட்ட பாபின் போடுகிற மெஷின் என்றால் கவலையே இல்லை. சிங்கர் கம்பெனியின் பதினைந்தாம் ரகம் என்று ஒன்று உண்டு. உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செய்தார்கள். நம் ஊர்க் கறுப்பு மெஷின்களும் அந்த வழியில் வந்தவைதான். அதனால் ஒன்றின் பாபின் இன்னொன்றில் உட்காரும்.

சிங்கர் என்று சொல்லிவிட்டேன், இனி என்னை நிறுத்த முடியாது.

பழைய சிங்கர் மெஷினின் வலது பக்க அடியில், ஒரு சின்ன மேடையில் எண் அடித்திருக்கும். 1900க்குப் பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஒய் என்று இருந்தால் அது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குப் பக்கத்துக் கிளைட்பேங்க் தொழிற்சாலையில், 1922க்கும் 1935க்கும் இடையில் செய்தது. அதற்கப்புறம் ஈ என்று தொடங்குகிற இரண்டெழுத்து. அந்தத் தொழிற்சாலை 1885இல் திறந்தது. 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் கிளைட்பேங்க் மேல் குண்டு போட்டபோது, அதன் மரக்கிடங்கு எரிந்தது. 1980இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே இருக்கிற ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். நம் மூர் மார்க்கெட் மாதிரிதான்.

இன்னொரு செய்தி சொல்கிறேன். ஐசக் சிங்கர் ஒரு நாடக நடிகர். 1850இல் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், பழுது பார்க்க வந்த வேறொருவருடைய தையல் மெஷினைப் பார்த்து, இதை இப்படிச் செய்தால் நன்றாக ஓடுமே என்று யோசித்தார். 1851இல் காப்புரிமை வாங்கினார். ஆக, சிங்கர் மெஷினே ஒரு ரிப்பேரில் பிறந்ததுதான்! ஆனால் வியாபாரம் சூடு பிடித்ததும் அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பழைய மெஷினைக் கொடுத்தால் புதிதில் விலை குறைப்போம் என்று அறிவித்தது. அப்படி வந்த பழசையெல்லாம் உடைத்துப் போட்டது. செகண்ட் ஹாண்ட் சந்தை என்று ஒன்று தலைதூக்கக் கூடாதாம். பல்லாவரத்தில் மெஷின் பொறுக்குகிறபோதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

யந்திரமே வேண்டாம் என்று பேசிய காந்தி இந்த மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல், சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். காந்தி சிங்கர் மெஷினைக் காட்டி, மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்த யந்திரம் இது என்கிறார். இளைஞர் விடவில்லை. அப்படியானால் இந்த மெஷினைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்குகிறார். காந்தியும் ஒத்துக்கொண்டு, அந்தத் தொழிற்சாலை தேசத்தின் உடைமையாக இருக்கட்டும் என்கிறார். அந்த இளைஞர்தான் பிற்பாடு டாக்டர் சௌந்தரத்தை மணந்து, இருவருமாக 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன். சிங்கரின் நிஜக் குடும்பக் கதை காந்தி சொன்ன அளவுக்கு மங்களகரமானதில்லை. அது இந்த நேரத்துக்கு வேண்டாம், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

புரளி ஒன்றும் உண்டு. 2009இல் சவுதி அரேபியாவில், பழைய சிங்கர் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, அதற்குக் கோடி விலை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மொபைலை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் லைன் கட்டாகுமாம், அதுதான் சோதனையாம்! சும்மா கிடந்த மெஷின்கள் பல்லாயிரம் ரியாலுக்கு விலை போயின. போலீஸ் தலையிட வேண்டி வந்தது. நாம் சிரிக்கலாம், ஆனால் கோபுரக் கலசத்தில் இரிடியம் என்று பணத்தைக் கொட்டிய ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. உள்ளே ரகசியம் இருக்கிறது என்று சொல்லி யாராவது உங்களிடம் மெஷின் விற்க வந்தால், உள்ளே எண்ணெய்ப் பிசின்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. இப்போது ஸ்டாண்டை மட்டும் வாங்கி, மேலே கண்ணாடியோ கிரானைட்டோ போட்டுக் காபி மேஜை ஆக்குகிறார்கள். அதனால் சந்தையில் சில நாள் தலையைவிடக் காலுக்கு விலை அதிகம். நல்ல தலை தார்ப்பாயில் அநாதையாகக் கிடக்கிறது. மேஜை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மிதிக்கிற பலகையில் காலை வைத்துக்கொண்டு காபி குடிக்கிறவர்களைப் பார்த்தால், ஒரு விளிம்பாவது அடித்துவிட்டுக் குடிக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பட்டியலை முடித்துவிடுகிறேன். பித்தளை என்று சொன்னால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு, மேலேதான் பூச்சு. சமைக்கிற பித்தளைக்கு ஈயம் பூச ஆகும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பீரோவில் கீழ்த்தகட்டைப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும். சாவி இல்லாத பீரோ வேண்டாம். மிக்ஸி, ஃபேன் எதுவானாலும் மின்சாரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் போய்ப் போடுங்கள் என்றால் வாங்காதீர்கள். மொபைல் என்றால் நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அடித்தால் பதினைந்து இலக்க எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட மொபைலா என்று பதில் வந்துவிடும். பில் இல்லாத மொபைல் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். குக்கர், கேஸ் ட்யூப், ரெகுலேட்டர், ஹெல்மெட் ஆகியவற்றைப் பழசாக வாங்கவே வேண்டாம், அதில் பேரமே கிடையாது. மெத்தையும் வேண்டாம், மூட்டைப்பூச்சி இலவசமாக வரும்.

தையல் தெரிந்த ஏழைப் பெண்களும், கணவரை இழந்தவர்களும், கைவிடப்பட்டவர்களும் சந்தைக்கு வரும் முன் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது.

மற்றவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே, போணி நேரத்தில் வாருங்கள். ஊசி, நூல் சுற்றிய பாபின், மெல்லிசும் தடிசுமாக இரண்டு துண்டுத் துணி, ஸ்க்ரூ டிரைவர், காந்தம் எல்லாம் பையில் இருக்கட்டும். அன்றைக்கு மழை வராமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கிளம்பும் முன் உங்கள் வீட்டுப் பரணையும், அத்தை வீட்டுப் பரணையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அங்கேயே ஒரு மெஷின் ஜாம் ஆகிக் கிடந்தால், எனக்குப் போட்டியாகச் சந்தையில் ஓர் ஆள் குறைவார்.