குழந்தையும் செயற்கை அறிவும்

இயந்திரம் குழந்தையை இயக்குவதா, குழந்தை இயந்திரத்தை இயக்குவதா? 1967-இல் சகாக்களுடன் சேர்ந்து லோகோ என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கிய சைமூர் பேப்பர்ட் இரண்டாவதையே விரும்பினார். கட்டளைப்படி ஊர்ந்து கோடு வரையும் ஆமை கோணம் தவறித் திரும்பினால், தவறு எங்கே என்று குழந்தையே தேடித் திருத்தும். வடிவக்கணிதம் அவ்வாறு கைவந்தது.

இன்றைய செயற்கை அறிவுக் கருவிகளோ கேட்ட மாத்திரத்தில் கதையும் படமும் ஆக்கித் தருகின்றன. தேடுவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. கதையைப் பாதியில் நிறுத்தி, "அடுத்து யானை என்ன செய்யும்?" எனக் குழந்தையையே வினவுமாறு கருவியை அமைப்பது கடினமன்று, விற்பனைக்குத்தான் அது அவ்வளவு உகந்ததன்று.

எல்லாக் குழந்தைகளையும் அரவணைப்பது இதனினும் சிக்கலானது. பேச்சை உணரும் கருவிகள் பெரும்பாலும் வளர்ந்தோரின் குரலில் பயின்றவை; மழலையும் திக்குவாயும் அவற்றுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோண்டி பேசுவோர் 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர். எனினும் அம்மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லை; கருவிக்குப் புகட்டத்தக்க பதிவுகளும் சொற்பம். வகுப்பில் ஏற்கெனவே வாய் திறவாத கோண்டிச் சிறுமியைக் கருவியும் "மீண்டும் சொல்" என்று இருமுறை தடுத்தால், மூன்றாம் முறை அவள் பேசுவாளா?

ஆயினும் குரல் திரட்டுவதிலும் நிதானம் வேண்டும். 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவையென 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. எழுத்தறியாத பெற்றோருக்கு அவ்வொப்புதலின் பொருளை அவர்கள் மொழியிலேயே வாய்மொழியாக விளக்கும் பொறுப்பு, கருவியை வகுப்போரையே சாரும்.